ஒரே மணல், இரண்டு விடை: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: ஃப்ளூயிடைஸ்டு பெட் (கீழிருந்து காற்றை ஊதி, மணல் படுகையைப் பாய்மம்போல் நடக்கவைக்கும் கலன்) பற்றிய கூட்டாய்வு ஒன்றில் சோதனை எங்களுடையது, கணினி உருவகம் வேறொரு குழுவுடையது. மணல் ஒன்றுதான். ஆனால் படுகை பாய்மமாகத் தொடங்கும் வேகம், எங்கள் அளவீட்டில் நொடிக்கு 4.2 செ.மீ.; அவர்கள் கணக்கில் 5.4. தவறு யாருடையது?

பதில்: துகள் விட்டமாக எதை வைத்தார்கள் என்று முதலில் கேளுங்கள். சந்தேகம் அங்கேதான். இந்த வேகத்தைக் கணிக்கும் வென்–யூ சமன்பாட்டில் 250 மைக்ரான் போட்டால் 5.4 வரும், 220 போட்டால் 4.2. நுண்மணலில் இந்த வேகம் ஏறத்தாழ விட்டத்தின் இருமடியைப் பின்பற்றுவதால், 30 மைக்ரான் வித்தியாசமே இவ்வளவு இழுத்துவிடுகிறது. மூட்டையில் அச்சிட்ட சராசரி இதற்கு உதவாது. சல்லடையில் பிரித்து, ஒவ்வொரு பங்கின் நிறைப் பின்னத்தையும் அதன் விட்டத்தால் வகுத்துக் கூட்டி, கூட்டுத்தொகையைத் தலைகீழாக்குங்கள். அந்தச் சாட்டர் சராசரியையே இரு தரப்பும் பயன்படுத்த வேண்டும்.

அவர்கள் பயன்படுத்தியது எர்குன் சமன்பாடு (படுகையின் அழுத்த இழப்பைக் கணிப்பது) என்றால் வெற்றிடப் பின்னமும், அதாவது படுகையில் துகள்களுக்கு இடையிலுள்ள காலியிடத்தின் பங்கும், சேர்ந்துகொள்ளும். அதை 0.40-லிருந்து 0.45 ஆக்கினாலே விடை ஒன்றரை மடங்காகிவிடும். ஆகவே ஊகிக்காதீர்கள், படுகை உயரத்தையும் நிறையையும் அளந்து கணக்கிடுங்கள்.

அளவீட்டிலும் சறுக்கலாம். காற்றைக் கூட்டிக்கொண்டே போனால், இறுகிய மணல் தளர்வதற்கு முன் அழுத்த இழப்பு (படுகையின் அடிக்கும் மேலுக்கும் உள்ள அழுத்த வித்தியாசம்) எகிறி இறங்கும். அந்த முகட்டை நம்பக் கூடாது. காற்றால் மணல் முழுதும் கொதிப்பதுபோல் குமுறவிட்டு, காற்றைப் படிப்படியாகக் குறைத்தபடி அளந்து, காற்று வேகத்துக்கு எதிராக அழுத்த இழப்பை வரைந்து, சாய்கோடும் கிடைக்கோடும் வெட்டுமிடத்தை எடுங்கள். கிடைக்கோடு படுகையின் எடையைக் காட்ட வேண்டும்: 30 செ.மீ. உயரம், 0.42 வெற்றிடம், 2650 கி.கி./மீ³ துகள் அடர்த்தி என்றால் சுமார் 4.5 கிலோபாஸ்கல். தெளிவாகக் குறைந்தால் எங்கோ காற்று ஓட்டை போட்டு ஓடுகிறது, அல்லது மணல் ஒரு மூலையில் செத்துக் கிடக்கிறது. காற்றுப் பரப்பித் தட்டின் அழுத்த இழப்பு படுகையுடையதில் 20–40 விழுக்காடாவது இருக்கட்டும்.

கேள்வி: மாதிரியை அவர்களுக்கு அனுப்பும்போது என்ன கவனிக்க வேண்டும்?

பதில்: மூட்டையின் மேலிருந்து அள்ளி அனுப்பாதீர்கள். பயணக் குலுக்கலில் நுண்துகள் கீழே இறங்கிவிடும். ரிஃப்ளர் பிரிப்பான் (மாதிரியைச் சமமான, ஒரே கலவையுள்ள பங்குகளாகப் பிரிக்கும் பெட்டி) வழியாகப் பங்கிட்டு, ஒரு பங்கை நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: தரவுப் பரிமாற்றத்துக்கு?

பதில்: சராசரி வரைபடம் மட்டும் போதாது. நேரத்தொடர் அழுத்தத் தரவு, அழுத்தமானியின் குழாய் நீளம், மாதிரியெடுப்பு வீதம், காற்றின் ஈரப்பதம், எல்லாம் போகட்டும். காற்றோட்ட அளவு திட்ட நிலையிலா (நிர்ணயித்த வெப்பநிலை, அழுத்தத்துக்கு மாற்றியதா), சோதனையின் உண்மை நிலையிலா என்பதைக் கண்டிப்பாக எழுதுங்கள். ரோட்டாமீட்டர் (மிதவையுள்ள காற்றோட்டமானி) குழப்பம் பெரும்பாலும் இங்கேதான் பிறக்கிறது. பதிலுக்கு அவர்களிடம் கட்ட அளவை, அதாவது உருவகத்தில் படுகையைப் பிரித்த கணக்குக் கட்டங்களின் அளவை, கேளுங்கள். துகள் விட்டத்தின் 10 மடங்குக்குமேல் போனால் படுகையில் எழும் காற்றுக் குமிழிகளின் வடிவத்தை நம்ப முடியாது. கெல்டார்ட் ஏ வகை (துகள்களை அளவு, அடர்த்தியால் பிரிக்கும் பாகுபாட்டில் ஒன்று) நுண்துகளுக்கு அதுகூடப் போதாமல், படுகை உண்மையைவிட அதிகமாக விரிந்து காட்டும். கட்டுரையில் யார் பெயர் எந்த வரிசையில் என்பதையும் முதல் சோதனைக்கு முன்பே எழுத்தில் முடித்துவிடுங்கள்.