எங்கே திருத்துவது, எங்கே விட்டுவிடுவது?

கேள்வி: நான் தனியார் பள்ளியொன்றில் தமிழாசிரியை. சில ஆண்டுகளாக ஒரு சிறு பதிப்பகத்துக்கு மெய்ப்புப் பார்த்து (அச்சுக்கு முன் எழுத்துப்பிழை திருத்தி)த் தருகிறேன். அண்மையில் ஓர் எழுத்தாளர் தம் சிறார் நாவலைச் செம்மையாக்கித் தரும்படி நேரடியாகக் கேட்டார். பல பத்திகளை நான் மாற்றி எழுதியதைக் கண்டு கோபித்துக்கொண்டு, பேசிய தொகையில் பாதியை மட்டுமே தந்தார். வேலையை விட்டுவிட்டுச் சிறார், இளையோர் கதைகளுக்கு ஃப்ரீலான்ஸ் எடிட்டராகலாமா? எவ்வளவு திருத்தலாம்? கட்டணத்தை எப்படிப் பேசுவது?
— வாசகி, திருநெல்வேலி

பதில்: அன்புள்ள சகோதரி,

பணத்தைக் குறைத்தது தவறு. ஆனால் அவருடைய கோபத்தில் நியாயம் இருக்கிறது. மெய்ப்புப் பார்த்துப் பழகிய கண்ணோடு கதைக்குள் நுழைந்தால், எழுத்தாளரின் நடையே பிழையாகத் தெரியத் தொடங்கிவிடும். தம் மதிப்புக்கும் நற்பெயருக்கும் ஊறு விளையும்படி படைப்பை மாற்றினால் எதிர்க்கும் உரிமையை 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 57ஆவது பிரிவு எழுத்தாளருக்குத் தருகிறது; பதிப்புரிமையை விற்றுவிட்டாலும் அந்த உரிமை அவரிடமே இருக்கும்.

ஆகவே முதல் வாசிப்பில் எதையும் திருத்தாதீர்கள். முழுவதையும் படித்துவிட்டு, எழுத்தாளருக்கு இரண்டு மூன்று பக்கக் கடிதம் எழுதுங்கள். சிக்கலைத் தீர்ப்பது கதையின் சிறுமியா, கடைசியில் வந்து சேரும் மாமாவா? பன்னிரண்டு வயதுப் பையன் கதை சொல்லும்போது நாற்பது வயதுக்காரரின் அறிவுரை இடையில் ஒலிக்கிறதா? (நம் சிறார் கதைகளில் தாத்தாக்கள் ஓயாமல் உபதேசிக்கிறார்கள் என்பது என் நெடுநாள் மனக்குறை.) இவற்றைக் கேள்விகளாகவே கேளுங்கள்; மாற்றி எழுத வேண்டியவர் அவர். அவர் திருத்தி அனுப்பிய பிறகே வரிவரியான செம்மையாக்கத்தைத் தொடங்கி, மாற்றங்கள் அனைத்தும் கோப்பில் தெரியும்படி வைத்து, முக்கியமானவற்றுக்கு ஓரத்தில் காரணமும் எழுதுங்கள்.

மொழியைப் பொறுத்தவரை வாசகரின் வயதே அளவுகோல். எழுத்துக்கூட்டிப் படிக்கும் ஆறு வயதுக் குழந்தை பாடப்புத்தகத்தில் ‘போய்விட்டான்’ என்று பழகியிருக்கும். ‘போய்ட்டான்’, ‘போயிட்டான்’ என்று பக்கத்துக்குப் பக்கம் மாறினால் தடுமாறும். ‘பார்த்துக்கொண்டிருந்தபோது’ போன்ற நீண்ட சொற்களும் அந்த வயதுக்குச் சுமைதான். பதினைந்து வயதினருக்கான கதையிலோ, விடுதி மாணவர்கள் ‘நீ எங்கே சென்றுகொண்டிருக்கிறாய்?’ என்று பேசிக்கொண்டால் வாசகர் புத்தகத்தை மூடிவிடுவார். எந்த வழக்கு, எந்த எழுத்துமுறை என்று எழுத்தாளரோடு முதலிலேயே முடிவுசெய்து, ஒரு சொற்பட்டியல் தயாரித்துக்கொள்ளுங்கள். படக்கதையானால், ஓவியம் காட்டிவிடுவதை வரிகளும் சொல்ல வேண்டியதில்லை. அச்சுத்தாள் மடிப்புக்கேற்ப 16, 24, 32 என்றே பக்கங்கள் அமைவதால், சொற்களைக் குறைக்கும் வேலை அங்கே தவிர்க்க முடியாதது.

இளையோர் கதைகளில் காதல், சாதி, மாதவிடாய், மரணம் வரும்போது உங்களுக்குள் இருக்கும் ஆசிரியை உடனே அடிக்கோடிடுவார்; அவரைச் சற்று விலகியிருக்கச் சொல்லுங்கள். பள்ளி நூலகங்கள் வாங்கத் தயங்கலாம் என்று தோன்றினால் அதை எழுத்தாளரிடமும் பதிப்பாளரிடமும் தெரிவிக்கலாம்; முடிவு அவர்களுடையது.

கட்டணத்தைப் பக்கக் கணக்கில் பேசாதீர்கள். எழுத்துருவின் அளவு மாறினால் பக்கமும் மாறும். சொல் எண்ணிக்கையில் பேசுங்கள். முதலில் பத்துப் பக்கத்தைத் திருத்திக் காட்டினால், உங்கள் கை எவ்வளவு தூரம் போகும் என்பது அவருக்கும், எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பது உங்களுக்கும் தெரிந்துவிடும். பிறகு வேலையின் எல்லை, எத்தனை சுற்றுத் திருத்தம், முன்பணம், மீதித்தொகை தரும் நாள் ஆகியவற்றை மின்னஞ்சலில் எழுதி, அவரது ஒப்புதல் வந்த பின் தொடங்குங்கள்.

வேலையை இப்போது விட வேண்டாம். தமிழ்ப் பதிப்பகங்கள் பலவற்றில் செம்மையாக்கத்துக்கெனத் தனித்தொகை ஒதுக்கும் வழக்கமே இல்லை. அதிலும் சிறார் நூல்களின் விலையைக் குறைத்தே வைக்க வேண்டியிருப்பதால் அங்கே வருமானம் இன்னும் குறைவு. ஆண்டு முழுவதும் தொடர்ந்து பணி தரும் பதிப்பகங்கள் இரண்டு மூன்றாவது அமையும்வரை மாலைகளிலும் விடுமுறைகளிலும் செய்துவாருங்கள். அதற்கு முன் உங்கள் பணிநியமன ஆணையில் வெளிவேலை பற்றி நிபந்தனை ஏதும் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.