புருணை 50 வெள்ளி (டாலர்) நோட்டு இங்கே செல்லுமா?

கேள்வி: சிங்கப்பூரில் தேக்கா பக்கம் ஒரு மளிகைக்கடையில் கல்லாவில் இருக்கிறேன். ஒருவர் புருணை 50 வெள்ளி நோட்டைக் கொடுத்துச் சாமான் வாங்கிப் போனார். வெளிநாட்டுப் பணத்தை வாங்கிவிட்டாய், சம்பளத்தில் கழிப்பேன் என்கிறார் முதலாளி. அது நம் 50 வெள்ளிக்குச் சமமா?

பதில்: சமம்தான், ஒரு காசுகூடக் குறையாது. நல்ல நோட்டாக இருந்தால் உங்கள் கடைக்கு நஷ்டமே இல்லை. அப்படியே நஷ்டம் வந்திருந்தாலும், உங்கள் தரப்பைக் கேட்காமல் சம்பளத்தில் கைவைக்க வேலை நியமனச் சட்டம் இடம் தராது. இதை முதலாளியிடம் தயங்காமல் சொல்லுங்கள்.

1967 வரை மலேசியா, சிங்கப்பூர், புருணை மூன்றிலும் ஒரே பணம்தான் புழங்கியது. அந்த ஆண்டு ஜூன் 12ஆம் தேதி ஆளுக்கொரு பணம் வெளியிட்டார்கள். ஆனாலும் ஒன்றுக்கு ஒன்று என்று மாற்றிக்கொள்ள ஒப்பந்தம் போட்டார்கள். 1973 மே மாதம் மலேசியா விலகிக்கொண்டது. இன்று ஒரு சிங்கப்பூர் வெள்ளி வாங்க மூன்று ரிங்கிட்டுக்கு மேல் வேண்டும். புருணையுடனான ஏற்பாடு மட்டும் இன்றுவரை நீடிக்கிறது. அதன் 40ஆம் ஆண்டுக்கு 2007இல் இரு நாடுகளும் சேர்ந்து 20 வெள்ளி நினைவு நோட்டே வெளியிட்டன.

வெறும் வாய்ப்பேச்சில் இந்தச் சமநிலை நிற்கவில்லை. இங்குள்ள வங்கிகள் புருணை நோட்டை அதே மதிப்புக்கு, கட்டணம் இல்லாமல் எடுத்துக்கொள்ளும். இங்கே சேர்வது புருணைக்குத் திரும்பிப் போகும், அங்கே சேரும் நம் பணம் இங்கே வரும். நம் வெள்ளி ஏறினால் அவர்களுடையதும் ஏறும், இறங்கினால் கூடவே இறங்கும்.

சரி, அந்த நோட்டை என்ன செய்வது? கடைக்குக் கணக்கு இருக்கும் வங்கியில் போட்டுவிடுங்கள். மறுபடி வந்தால் சுல்தான் படமும் புருணை என்ற பெயரும் இருக்கிறதா என்று பாருங்கள். நம் நோட்டில் சிங்கப்பூரின் முதல் அதிபர் யூசோஃப் இஷாக் படமும் தமிழில் 'சிங்கப்பூர்' என்ற எழுத்தும் இருக்கும், குழப்பம் வராது. பணம் போடும் இயந்திரங்கள் சில அதைத் திருப்பித் தள்ளலாம், அதனால் வங்கி முகப்பிலேயே கொடுங்கள்.

அப்புறம், ஊருக்குப் போகும்போது அதை எடுத்துப் போகாதீர்கள். இந்தச் சம மதிப்பு இரண்டு நாட்டுக்குள் மட்டும்தான். சென்னையில் மாற்றுபவர் என்ன விலை சொல்கிறாரோ அதுதான் கிடைக்கும். சில இடங்களில் வாங்கவே மாட்டார்கள். இங்கேயே நம் நோட்டாக மாற்றிக்கொண்டு கிளம்புங்கள்.