கார்கில் தினம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: எங்க ஸ்கூல்ல வருஷா வருஷம் ஜூலை 26 கார்கில் தினம் நடத்துறோம், பேச்சுப்போட்டி, மாறுவேஷம் எல்லாம் உண்டு, ஆனா பசங்க மனப்பாடம் பண்ணி ஒப்பிச்சிட்டுப் போயிடுறாங்க. வேற என்ன பண்ணலாம்?
– ஆசிரியை, திருச்சி

பதில்: டீச்சர், நீங்க இருக்கிற ஊர்லயே அதுக்கு வழி இருக்கு. கண்டோன்மெண்ட்ல மேஜர் சரவணன் நினைவுச் சின்னம் இருக்கே, பசங்கள்ல பாதிப் பேர் தினமும் பஸ்ல அதைத் தாண்டித்தான் போவாங்க, ஆனா யார்னு கேட்டா எத்தனை பேருக்குத் தெரியும்? ராமேஸ்வரத்துல பிறந்து திருச்சியில வளர்ந்தவர், அப்பாவும் ராணுவ அதிகாரி, சென்னையில ராணுவ அதிகாரிகளுக்கான பயிற்சி அகாடமியில (ஓ.டி.ஏ.) ட்ரெயினிங் முடிச்சு பீகார் ரெஜிமெண்ட்ல சேர்ந்தார். கார்கில் போர்ல படாலிக்ங்கிற இடத்துக்குப் பக்கம் ஜூபார் மலையைப் பிடிக்கப் போனப்ப 1999 மே 29 அன்னிக்கு உயிரை விட்டார், வயசு 26தான். சண்டை நடந்துக்கிட்டே இருந்ததால உடம்பை மீட்கவே ஜூலை ஆயிடுச்சு, ஒரு மாசத்துக்கும் மேல அவரோட அம்மா எப்படி இருந்திருப்பாங்கன்னு நினைச்சுப் பாருங்க. அப்புறம் போர்க்கள வீரத்துக்கான வீர் சக்ரா விருது குடுத்தாங்க.

மே 29 லீவுல வந்துடும், அதனால ஜூன்ல ஸ்கூல் திறந்ததும் ஒரு நாள் கூட்டிட்டுப் போங்க. ‘கார்கில் வீரர்கள்’னு மொத்தமா பேச வைக்காம ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரே ஒரு வீரர் பேரைக் குடுத்து, எந்த ஊர், எந்த ரெஜிமெண்ட், எந்த மலைன்னு தேடிட்டு வரச் சொல்லுங்க, தானாத் தேடினது எந்தப் பிள்ளைக்கும் மறக்காது.

கேள்வி: ஜூலை 26 வெற்றி நாளா, துக்க நாளா? டிவில பார்த்தா பேண்டு வாசிக்கிறாங்க, அழுறாங்க, ரெண்டும் நடக்குது.
– கல்லூரி மாணவர், மதுரை

பதில்: ரெண்டும்தான் தம்பி. பாகிஸ்தான் பக்கமிருந்து ஊடுருவினவங்களை முழுசா விரட்டியாச்சுன்னு 1999ல ராணுவம் அறிவிச்ச நாள் ஜூலை 26, அதனால வெற்றி. அதுக்கு 527 உயிர் போச்சு, அதனால துக்கம். கார்கில் பக்கத்துல டிராஸ்ங்கிற ஊர்ல போர் நினைவிடம் இருக்கிறது தோலோலிங் மலை அடிவாரத்துல, நிமிர்ந்து பார்த்தா அந்த மலைதான் தெரியும், அதைப் பிடிக்கிறதுக்குள்ள ‘18 கிரெனேடியர்ஸ்’ங்கிற படைப்பிரிவுல எவ்வளவோ பேரை இழந்து கடைசியா ஜூன் 13 வாக்குல ‘2 ராஜ்புதானா ரைபிள்ஸ்’ படைப்பிரிவு ஏறிப் பிடிச்சாங்க. மலர்வளையம் வைக்கிறப்ப ஜவான்களைக் கவனிங்க, ‘ஷோக் ஷஸ்த்ர’னு ஒரு கட்டளை வரும், உடனே துப்பாக்கியைத் தலைகீழாத் திருப்பி முனை தரையைப் பார்க்க நிறுத்தி தலையைக் குனிஞ்சுக்குவாங்க, பியூகிள்ல ‘லாஸ்ட் போஸ்ட்’ங்கிற அஞ்சலி இசை வாசிப்பாங்க, அப்புறம் மௌனம். அந்த நேரத்துல அங்க வெற்றின்னு ஒண்ணும் கிடையாது, முழுக்க துக்கம்தான்.

இன்னொரு விஷயமும் இருக்கு. அதுக்கு முன்னாடி நடந்த போர்கள்ல பெரும்பாலும் சண்டை நடந்த இடத்துக்குப் பக்கத்துலயே தகனம் பண்ணிடுவாங்க, வீட்டுக்கு அவரோட சாமான்தான் வரும். கார்கில்லதான் தேசியக்கொடி போர்த்தின பெட்டி ஊர் ஊரா வந்துச்சு, ஜனங்க நேர்ல பார்த்தாங்க. இந்தப் போரோட நினைவு நாள் மட்டும் இவ்வளவு பேர் மனசுல தங்கியிருக்கிறதுக்கு அதுவும் ஒரு காரணம்னு நான் நினைக்கிறேன்.

கேள்வி: என் வீட்டுக்காரர் கார்கில்ல சண்டை போட்டவர், கால்ல அடிபட்டு திரும்பி வந்தார். உயிரோட வந்தவங்களை யாரும் ஒரு விழாவுக்குக்கூட கூப்பிடுறதில்ல. மரியாதை செத்தவங்களுக்கு மட்டும்தானா?
– வாசகி, வேலூர்

பதில்: அம்மா, உங்க கோபம் ரொம்ப நியாயம். அந்தப் போர்ல காயம்பட்டவங்களே ஆயிரத்துக்கு மேல, அவங்க எல்லாம் இன்னிக்கு நம்ம நடுவுலதான் பேங்க் வாசல்ல செக்யூரிட்டியாவோ, பென்ஷன் க்யூலயோ நிக்கிறாங்க. உங்க மாவட்டத்துல வீட்டுக்கு ஒருத்தர் ராணுவத்துக்குப் போன கிராமமே இருக்கு, அங்கயே இந்த நிலைமைன்னா என்ன சொல்றது. கூப்பிடுற இடத்துலயும் நடக்கிறது சரியில்ல, முக்கியப் புள்ளி வர்ற வரைக்கும் வயசானவங்களையும் வீரரோட குடும்பத்தையும் வெயில்ல உட்கார வச்சு ஒரு சால்வையைப் போட்டு போட்டோ எடுத்து அனுப்பிடுறாங்க. விழா நடத்துறவங்க இதைப் படிச்சா ஒண்ணு கேக்குறேன், முதல் மலர்வளையத்தை அந்த வீரரோட அம்மா கையிலயோ, கூட நின்னு சண்டை போட்டவர் கையிலயோ குடுங்க, மைக்கையும் முதல்ல அவங்ககிட்ட குடுங்க, தலைவர்கள் அப்புறம் பேசட்டும்.

நீங்க ஒரு வேலை பண்ணுங்கம்மா. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துல அவர் பேர் பதிவாகியிருக்கான்னு பாருங்க, பிள்ளைங்க படிப்பு உதவிக்கும் அங்கதான் விசாரிக்கணும். டிசம்பர் 7 கொடிநாள் வருது, 1949லேர்ந்து இந்தக் குடும்பங்களுக்காகவே நிதி திரட்டுற நாள் அது, உண்டியல்ல பத்து ரூபா போடுற எல்லாருக்கும் அது யாருக்குப் போகுதுன்னு தெரியணும். அவர் பேச சம்மதிச்சா பக்கத்து ஸ்கூல் ஹெட்மாஸ்டரைப் போய்ப் பாருங்க, ஆகஸ்ட் 15 கொடியேத்த அவரைவிட தகுதியான ஆள் அந்த ஊர்ல யார் இருக்கா?

கேள்வி: குடும்பத்தோட டிராஸ் போகணும். ஜூலை 26 அன்னிக்கே போகலாமா?
– வாசகர், கோவை

பதில்: அன்னிக்கு பாதுகாப்புக் கெடுபிடி ஜாஸ்தி சார், நின்னு பேர்களைப் படிக்கக்கூட முடியாது. ஆகஸ்ட்லயோ செப்டம்பர்லயோ போங்க. ஸ்ரீநகர்லேர்ந்து சோஜி லா கணவாய் தாண்டிப் போகணும், குளிர்காலத்துல பனி மூடிடும். டிராஸ் 10,000 அடிக்கு மேல இருக்கு, பெரியவங்க இருந்தா வழியில சோனமார்க்ல ஒரு ராத்திரி தங்கிட்டுப் போங்க, ஆதார் கையில இருக்கட்டும், ஸ்வெட்டர் ஆகஸ்ட்லயும் வேணும்.