எக்செல்லில் எழுத வேண்டிய கணக்கு

வணக்கம் சார்,

சோழிங்கநல்லூரில் ஒன்பது வருடமாக புரொடக்‌ஷன் சப்போர்ட் வேலை; ஓடிக்கொண்டிருக்கும் சாப்ட்வேரில் கோளாறு வந்தால் ராத்திரியானாலும் சரிசெய்ய வேண்டும். மார்ச்சில் ஒருநாள் ஒரே மெயிலை அரைமணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்; ஒரு வரி மண்டையில் ஏறவில்லை. டாக்டர் ‘பர்ன் அவுட்’ என்றார். மூன்று வாரம் லீவு. தூக்கம், நடை, தியானம் எல்லாவற்றையும் தினமும் எக்செல்லில் குறித்துவந்தேன். திரும்பிப் போன இரண்டாம் நாளே பழைய குருடி கதவைத் திறடி. எனக்கு ஓய்வெடுக்கக்கூடத் தெரியவில்லையா? வேலையை விட்டுவிடலாமா?

கே.

அன்புள்ள கே.,

ஓய்வையும் ஒரு ஸ்பிரின்ட் (கெடு வைத்து முடிக்கும் வேலைச்சுற்று) ஆக்கி, உங்களுக்கு நீங்களே மேனேஜராக உட்கார்ந்திருக்கிறீர்கள். ‘ஏழு மணி நேரம் தூங்க வேண்டியவர் ஐந்தரைதான் தூங்கினார்’ என்று ஒரு சிவப்புக் கட்டம் இருக்குமே? அதைப் பார்த்தவனுக்கு எப்படித் தூக்கம் வரும்!

நானும் பதினோரு வருடம் இதே பிழைப்பில் இருந்தவன்தான். வேலையை விட்டு ஆறு மாதம் கழித்து, திருவான்மியூர் பஸ்ஸில் யாருடைய போனிலோ நான் ஆபீஸ் அலர்ட்டுக்கு வைத்திருந்த அதே ட்யூன் அடித்தது. கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது, வயிற்றைப் பிசைந்தது. வேலையை விட்ட சேதியை வயிற்றுக்கு யாரும் சொல்லவில்லை போல. ஆறு மாதத்தில் போகாதது உங்களுக்கு மூன்று வாரத்தில் போகவில்லை என்றால் அதில் உங்கள் குற்றம் ஒன்றுமில்லை.

உலக சுகாதார நிறுவனம் 2019இல் பர்ன் அவுட்டை நோய் என்று சொல்லவில்லை. சரிசெய்யப்படாத பணியிட அழுத்தத்தின் விளைவு என்றது. முள் குத்தும் நாற்காலியை அப்படியே வைத்துக்கொண்டு முதுகுக்குத் தைலம் தேய்த்திருக்கிறீர்கள்.

எக்செல்லை அழிக்க வேண்டாம், கணக்கை மாற்றுங்கள். போன மாதம் ஒரு ஷிப்டுக்கு எத்தனை இன்சிடென்ட் (கவனிக்க வேண்டி வந்த கோளாறு), நள்ளிரவுக்கு மேல் எத்தனை போன் கால் என்று எழுதுங்கள். 12 மணி நேர ஆன்-கால் (கூப்பிட்டால் உடனே வேலைக்கு வர வேண்டிய) ஷிப்டுக்கு இரண்டு இன்சிடென்டுக்கு மேல் கூடாது என்பது கூகுளில் சர்வீஸ்கள் விழாமல் பார்த்துக்கொள்ளும் எஸ்ஆர்இ குழுக்கள் 2016இலேயே புத்தகமாக எழுதிவைத்த விதி. காரணம் கருணை இல்லை. கோளாறு எதனால் என்று கண்டுபிடித்து, சரிசெய்து, போஸ்ட்மார்ட்டம் (என்ன நடந்தது என்ற அறிக்கை) எழுதி முடிக்க ஒன்றுக்கு ஆறு மணி நேரம் ஆகிறது என்பது அவர்கள் கணக்கு. உங்கள் எண்ணை அதன் பக்கத்தில் வைத்து, இரண்டு மாதம் ஆன்-காலிலிருந்து விலக்கு கேளுங்கள். மெயிலில் கேளுங்கள், காபி மெஷின் அருகே தலையாட்டியதெல்லாம் அப்ரைசலின்போது யாருக்கும் நினைவிருக்காது.

ஞாயிற்றுக்கிழமையும் பிடித்த எதுவும் பிடிக்கவில்லை என்றால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். மனநல மருத்துவரைப் பாருங்கள். அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, கட்டணமில்லை, தமிழிலும் பேசலாம்.

ராஜினாமாவை இரவு இரண்டு மணிக்கு அனுப்பாதீர்கள். 90 நாள் நோட்டீஸ் வேறு இருக்கும். விலக்கு கிடைக்காவிட்டால் முதலில் வேறு டீம், அதுவும் நடக்காவிட்டால் வேறு கம்பெனி. மேனேஜர் என்ன சொன்னார் என்று எழுதுங்கள்.