வீடியோ பார்த்தும் பேப்பரில் எழுதும் நர்ஸ்கள்

மருந்துப் பதிவைக் கம்ப்யூட்டரில் செய்யும் சாஃப்ட்வேருக்கான 2 மணி நேரப் பயிற்சி வீடியோவை நர்ஸ்கள் எல்லாரும் பார்த்து முடித்தும், வார்டில் மருந்துப் பதிவு இன்னும் பேப்பரில்தான் ஓடுகிறது என்று எழுதியிருந்தீர்கள். அந்த வீடியோ சாஃப்ட்வேரின் மெனுவைக் காட்டுகிறது. நர்ஸ்களுக்கு வேண்டியது, தங்கள் வேலையை அதில் எப்படிச் செய்வது என்பது.

ஒரு வேலைக்கு ஒரு வீடியோ, 3 முதல் 5 நிமிடம். இரவு 8 மணி டோஸ் கொடுத்ததைப் பதிவது ஒன்று. நோயாளி வாந்தி எடுத்ததால் டோஸ் கொடுக்கவில்லை, காரணத்தை எங்கே போடுவது? அது இன்னொன்று. பேப்பருக்கு ஓடுவது இந்த இரண்டாவது ரகத்தில்தான். டாக்டர் போனில் சொன்ன ஆர்டர், வேறு நோயாளியின் பக்கத்தில் தவறிப் பதிந்ததைத் திருத்துவது, சர்வர் படுத்துவிட்டால் என்ன செய்வது: இவற்றை முதலில் எடுங்கள்.

நிஜப் பதிவுகளைத் தொடாமல் சாஃப்ட்வேரில் பழகிப் பார்க்க ஒரு தனிப் பயிற்சித் தளம் கட்டாயம். அதில் கற்பனை நோயாளிகளைப் போடுங்கள், ஒரே பெயரில் இருவர் உட்பட. லாகின் எல்லாருக்கும் வேலை செய்கிறதா என்று ஒரு வாரம் முன்பே பாருங்கள். இல்லாவிட்டால் முதல் நாள் முழுக்க பாஸ்வேர்ட் பஞ்சாயத்துதான்.

பயிற்சி டூட்டி நேரத்திலேயே நடக்கட்டும். நைட் முடித்தவரை உட்கார வைப்பது பாவம், மண்டையிலும் ஏறாது. பார்த்த சதவீதத்தைக் கணக்கில் எடுக்காதீர்கள். பயிற்சித் தளத்தில் 5 வேலைகளை யார் உதவியும் இல்லாமல் முடித்தால் மட்டும் தேர்ச்சி போடுங்கள்.