அக்கா அனுப்பிய ஃபீஸ் எங்கே, தம்பி?

கேள்வி: எனக்கு வயது 19. வீடு தக்கலைக்குப் பக்கம். நாகர்கோவிலில் ஒரு கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பிளஸ் டூவில் கணக்கில் நல்ல மார்க் வாங்கியதால், 'கணக்கு எடு, வாத்தியார் வேலை கிடைக்கும்' என்று அப்பா சேர்த்துவிட்டார். என் விருப்பத்தை யாரும் கேட்கவில்லை. முதல் ஆண்டில் இரண்டு அரியர். எனக்குத் தமிழ்தான் பிடிக்கும். கல்லூரிக் கவிதைப் போட்டியில் முதல் பரிசு வாங்கியிருக்கிறேன். பி.ஏ. தமிழுக்கு மாறலாம் என்று இருக்கிறேன். அப்பா ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுக்குப் போகிறார். அக்கா மஸ்கட்டில் நர்ஸ், அவள்தான் என்னைப் படிக்க வைக்கிறாள். (இந்த செமஸ்டருக்கு அவள் அனுப்பிய ஃபீஸை இன்னும் கட்டவில்லை. கொஞ்சம் செலவாகிவிட்டது. மீதி என் அக்கவுண்ட்டில் இருக்கிறது.) என் படிப்பு முடிந்த பிறகுதான் தனக்குக் கல்யாணம் என்கிறாள். இப்போது மாறினால் எதிர்காலம் பாதிக்குமா? வீட்டில் எப்படிச் சம்மதிக்க வைப்பது?
- பெயர் வெளியிட வேண்டாம், தக்கலை

பதில்: தம்பி, கணக்கு பிடிக்கவில்லை, தமிழ் பிடிக்கிறது என்பதில் எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்லை. இந்த மாதிரிக் கடிதம் வருஷா வருஷம் வருகிறது. பாடத்தின் பெயர் மட்டும்தான் மாறும். அதற்குப் பிறகு வருகிறேன். நீ அடைப்புக்குறிக்குள் எழுதியிருக்கிறாயே மூன்று வரி, முதலில் அதைப் பேசுவோம்.

ஃபீஸ் என்று சொல்லி அக்கா அனுப்பிய பணம் கல்லூரிக்குப் போகவில்லை. 'கொஞ்சம் செலவாகிவிட்டது' என்கிறாய். பணம் தானாகச் செலவாகுமா? எவ்வளவு என்று எழுதவில்லை, எதற்கு என்றும் எழுதவில்லை. கவிதைப் போட்டியில் வாங்கியது முதல் பரிசு என்பதை மட்டும் மறக்காமல் எழுதியிருக்கிறாய்.

அக்கா போனில் 'ஃபீஸ் கட்டியாச்சா?' என்று கேட்காமலா இருந்திருப்பாள்? நீ என்ன பதில் சொன்னாய்? 'கட்டியாச்சு' என்றுதான் சொல்லியிருப்பாய். இல்லையென்றால் இந்நேரம் வீட்டில் பெரிய பேச்சே நடந்திருக்கும், எனக்குக் கடிதம் எழுத உனக்கு நேரம் இருந்திருக்காது.

உன் திட்டம் எனக்குப் புரிகிறது. மீதிப் பணத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்வது, அடுத்த ஜூனில் எங்காவது தமிழில் சேர்ந்துவிடுவது, சேர்ந்த பிறகு வீட்டில் சொல்வது. இனி என்ன செய்ய முடியும் என்று அவர்களும் வாயை மூடிக்கொள்வார்கள். இதற்குப் பெயர் சம்மதம் வாங்குவதா? அப்பா உன் விருப்பத்தைக் கேட்காமல் கணக்கில் சேர்த்தார் என்று குறைப்படுகிறாய். கேட்டிருக்க வேண்டும், அது அவர் தப்புதான். ஆனால் அவர் சேர்த்துவிட்டது உனக்கு ஒரு வேலை கிடைக்கும் என்று நினைத்து. நீ அக்காவைக் கேட்காமல் அவள் சம்பளத்தில் அவளுடைய இரண்டு வருஷத்தை எடுத்துக்கொள்ளப் பார்க்கிறாய். இரண்டில் எது மோசம் என்று நீயே யோசி.

ஆமாம், இரண்டு வருஷம் என்றுதான் சொன்னேன். மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தோடு இணைந்த நம் பக்கத்துக் கலைக் கல்லூரிகளில் கணிதம் மூன்றாம் செமஸ்டரிலிருந்து தமிழ் மூன்றாம் செமஸ்டருக்கு அப்படியே போய் உட்கார முடியாது. முதல் வருஷத்தில் புதிதாகச் சேர வேண்டும். உன் மேஜர் தாள், துணைப்பாடத் தாள் எதுவும் அங்கே கணக்கில் வராது. பகுதி ஒன்று தமிழும் பகுதி இரண்டு ஆங்கிலமும் பொதுவானவை, அவற்றுக்கு விலக்கு உண்டா என்று கேட்டுப் பார்க்கலாம். கிடைத்தாலும் வருஷம் குறையாது. உன் கூட்டாளிகள் டிகிரியோடு வெளியே வந்து இரண்டு வருஷம் கழித்துத்தான் நீ வருவாய். அக்கா கல்யாணமும் அத்தனை தூரம் தள்ளிப் போகும். 'படிப்பு முடிந்த பிறகு' என்று அவள் சொன்னது கணக்கு டிகிரியை மனதில் வைத்து.

நம் மாவட்டத்தில் எத்தனையோ வீடுகள் ஒரு பெண்பிள்ளையின் வெளிநாட்டுச் சம்பளத்தில் ஓடுகின்றன. ஓட்டுக்கூரை கான்கிரீட் ஆகிறது, தம்பி கல்லூரிக்குப் போகிறான், அப்பாவுக்கு வைத்தியம் நடக்கிறது. அவள் நகைக்கு மட்டும் 'அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்'. எல்லாவற்றுக்கும் அவளிடம் பணம் கேட்போம், எதற்கும் அபிப்பிராயம் கேட்க மாட்டோம். இதைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது. படிக்க வைக்கிறவளுக்கு, என்ன படிப்பு, எத்தனை வருஷம், எவ்வளவு செலவு என்று கேட்க முழு உரிமை உண்டு. 'முடியாது' என்று சொல்லவும் உரிமை உண்டு. அவள் அப்படிச் சொன்னால், மேற்கொண்டு ஆகும் செலவை நீதான் உழைத்துக் கட்ட வேண்டும்.

அப்பாவையும் நினைத்துப் பார். விடியும் முன்னே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரம் மரமாகப் போகிற வேலை. வெயில் ஏறிவிட்டால் பால் ஒழுக்கு குறைந்துவிடும். தமிழ்நாட்டின் பெரும்பாலான பக்கங்களில் ஒரு மழைக்காலம் என்றால் நமக்கு இரண்டும் உண்டு. ஜூன், ஜூலையிலும் வெட்டு முடங்கும், அக்டோபர், நவம்பரிலும் முடங்கும். வெட்டு இல்லாத நாளில் கூலி இல்லை. அந்த நாட்களில் வீட்டு அடுப்பு எரிவதும் அக்கா அனுப்புகிற பணத்தில்தானே?

சரி, இனி பாடம் மாறுவதைப் பற்றி. நீ தமிழ் ஆசிரியர் ஆக வேண்டுமா, கவிதை எழுத வேண்டுமா? இரண்டும் ஒன்று என்று நினைத்துக் குழப்பிக்கொள்ளாதே.

ஆசிரியர் என்றால் நீ மாறத்தான் வேண்டும். 'கணக்கை முடி, பிறகு எம்.ஏ. தமிழ் படிக்கலாம்' என்று பலர் யோசனை சொல்வார்கள். பகுதி ஒன்றில் தமிழ் படித்த எந்தப் பட்டதாரிக்கும் பல கல்லூரிகளில் எம்.ஏ. தமிழ் இடம் கிடைக்கும், உண்மைதான். ஆனால் அரசுப் பள்ளியில் முதுகலை ஆசிரியர் வேலைக்கு ஆசிரியர் தேர்வு வாரியம் இளங்கலையும் முதுகலையும் ஒரே பாடத்தில் கேட்கிறது. பட்டதாரி ஆசிரியருக்கும் தமிழில் இளங்கலை வேண்டும், மேலே பி.எட்., டெட் என்கிற ஆசிரியர் தகுதித் தேர்வு. இது தெரியாமல் எம்.ஏ.வும் பி.எட்டும் முடித்துவிட்டு வந்து எனக்கு எழுதியவர்கள் இருக்கிறார்கள். ஆகவே தமிழாசிரியர் வேலைதான் குறி என்றால் இரண்டு வருஷம் போனாலும் பரவாயில்லை, மாறு. அக்காவிடம் சொல்லிவிட்டு மாறு.

கவிதைதான் என்றால் கணக்கிலேயே இரு. எழுத்தாளர் நாஞ்சில் நாடன் கணிதம் படித்தவர், எம்.எஸ்சி.யும் கணிதத்தில்தான். 2010-ல் சாகித்திய அகாதமி விருது வாங்கினார். எழுத்துக்கு யாரும் டிகிரி கேட்பதில்லை.

எதுவானாலும் முடிவெடுக்கும் முன் ஒரு வேலை செய். உன் கல்லூரியிலேயே தமிழ் இரண்டாம் ஆண்டு படிக்கிற ஒருவரிடம் நன்னூலும் யாப்பருங்கலக்காரிகையும் இரவல் வாங்கு. தினமும் ராத்திரி ஒரு மணி நேரம், ஒரு மாதம் உட்கார்ந்து படி. பி.ஏ. தமிழ் என்றால் பெரும்பகுதி இலக்கணமும் பழைய நூல்களும்தான், உன் பரிசுக் கவிதை அங்கே பாடமாக வராது. நூற்பாவை மனப்பாடம் செய்து உரையோடு எழுத வேண்டும். அதிலும் அலுப்புத் தட்டினால் அந்த அரியர் எங்கிருந்து வந்தது என்று உனக்கே தெரிந்துவிடும்.

இப்போது செய்ய வேண்டியது. நாளைக்கே அக்காவைக் கூப்பிடு. இங்கே காலை எட்டரை என்றால் அங்கே ஏழு மணி, டியூட்டி பார்த்துக்கொண்டு பேசு. வாட்ஸ்ஆப்பில் எழுதிப் போட்டுவிட்டு ஒளிந்துகொள்ளாதே. முதலில் பணத்தைச் சொல், எவ்வளவு செலவானது, எதற்கு என்று ரூபாய் கணக்கோடு சொல். தமிழைப் பற்றி அப்புறம். அவள் அழுதால் அழட்டும், திட்டினால் வாங்கிக்கொள். அப்பாவிடமும் நீயே சொல், அந்தப் பொறுப்பையும் அக்கா தலையில் கட்டாதே.

மீதிப் பணத்தை அன்றைக்கே கல்லூரி ஆபீசில் கட்டு, குறைகிற தொகைக்குத் தவணை கேள். மாறினாலும் மாறாவிட்டாலும் இந்த ஃபீஸ் கட்டித்தான் ஆக வேண்டும். பாக்கி வைத்தால் ஹால் டிக்கெட்டுக்குச் சிக்கல், பாக்கி தீராமல் மாற்றுச் சான்றிதழும் கையில் வராது. வகுப்புக்குப் போவதையும் நிறுத்தாதே. வருகை 75 சதவீதத்துக்குக் கீழே போனால் அதற்குத் தனியாக அபராதம் கட்ட நேரும், அந்தப் பணத்துக்கும் அக்காவிடம்தான் போய் நிற்பாய்.

செலவான பணத்தை நீதான் திருப்பித் தர வேண்டும் மக்களே. உனக்குக் கணக்கு பிடிக்காமல் இருக்கலாம், ஆனால் பிளஸ் டூவில் நல்ல மார்க் வாங்கியவன். உங்கள் தெருவில் பத்தாம் வகுப்புக் கணக்கில் திணறுகிற பிள்ளைகள் நாலைந்து பேராவது இருப்பார்கள். சாயங்காலம் அவர்களைத் திண்ணையில் உட்கார வைத்து டியூஷன் எடு. முதல் இரண்டு மூன்று மாதம் வருகிற பணம் அக்கா அக்கவுண்ட்டுக்குப் போகட்டும். அதன் பிறகும் நிறுத்தாதே, வெட்டு இல்லாத மழை மாதங்களில் வீட்டு மளிகைக்கு ஆகும்.