வெளியே உறுதி, உள்ளே வெறுமை: நாவலில் இப்படியொரு மனைவியை எழுதுவது எப்படி?

நெல்லைப் பின்னணியில், முறிந்துகொண்டிருக்கும் மணவாழ்வில் இருக்கும் மனைவியைக் கண்ணீர் இல்லாமல் காட்ட வேண்டும் என்கிறீர்கள். முதலில் "அவள் மன உறுதி மிக்கவள்" என்ற வரியை அடித்துவிடுங்கள். உறுதி வேலையில் தெரியட்டும்.

பாளையங்கோட்டை வீடு, நாத்தனாருக்குக் கல்யாணம், மறுவீட்டு விருந்துக்குச் சொதி என்ற தேங்காய்ப்பால் குழம்பு. மூன்றாம் தேங்காய்ப்பாலில் காய்களை வேகவைத்து, இரண்டாம் பாலும் வெந்த சிறுபருப்பும் சேர்த்து, கடைசியில் முதல் பால் ஊற்றி, நுரை கட்டியதும் இறக்க வேண்டும். கொதிக்கவிட்டால் திரிந்துபோகும். சூடு தணிந்த பிறகுதான் எலுமிச்சை. ஐம்பது பேருக்கு இதை அசராமல் செய்கிறாள். "மதினி கைப்பக்குவமே தனி" என்கிறார்கள். இருநூறு பக்கம் தள்ளி, இரண்டே பேருக்கு வைத்த சொதி திரிகிறது. அடுப்படியில்தான் நின்றிருந்தாள். கணவன் எதுவும் கேட்காமல் சாப்பிட்டு எழுந்துபோகிறான். இதற்கு மேல் ஒரு வரி விளக்கம் எழுதினாலும் காட்சி கெட்டுவிடும்.

பேச்சும் படிப்படியாகத் தேயட்டும். தொடக்கத்தில் "சாப்பிட வாங்க", பிறகு "சோறு போடட்டா", கடைசியில் "மேசைல இருக்கு". ஆனால் வெளியாள் வந்து கேட்டால் "அவுக இப்பந்தான் போனாக" என்ற மரியாதை மட்டும் குறையக் கூடாது.

பலர் சறுக்குவது கணவனைக் குடிகாரனாக்கி. காரணம் கையில் கிடைத்ததும் வாசகர் அவளைப் பார்ப்பதை விட்டு அவனைத் திட்டத் தொடங்கிவிடுவார். தோழியிடம் மனம் திறக்கும் காட்சியும் (எல்லாரும் எழுதுவதுதான்) வேண்டாம். வைத்தே தீர வேண்டுமென்றால், பாதியில் சிலிண்டர்காரர் வந்து கலைக்கட்டும்.